வெஸ்லி சொன்னதும் சொல்லாததும்

நான் அமெரிக்காவைப் பார்த்ததில்லை. ஆனால் அங்கே ஒரு சின்ன ஊரில் எந்த டாக்டர் மீன் பிடிக்கப் போவதற்காக ஆஸ்பத்திரியைச் சீக்கிரம் பூட்டுவார், எந்த சர்ச்சில் யார் ராகம் தப்பி உரக்கப் பாடுவார், ஆற்றுப் பாலம் உடைந்தால் பள்ளிக்கூட பஸ் எந்த வழியாகச் சுற்றிப் போகும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். திருவனந்தபுரம் தம்பானூரில் ஒரு லாட்ஜுக்கு மேலே இருந்த அலுவலகத்தில், காதில் ஹெட்ஃபோனும் காலடியில் ஒலிப்பதிவை நிறுத்தி ஓட்டும் பெடலுமாக உட்கார்ந்து தெரிந்துகொண்டது. ஜன்னலுக்கு வெளியே நாகர்கோவில் பஸ்ஸுக்கு ஆள் கூப்பிடுவார்கள். ஹெட்ஃபோனுக்குள் மக்காச்சோளத்தின் விலை ஏறியிருக்கும்.

போன மாதம் பழைய ஆபீஸிலிருந்து ஷைலஜா போன் செய்தாள். எங்கள் வேலையை இப்போது கம்ப்யூட்டரே செய்துவிடுகிறதாம். ஒலிப்பதிவை உள்ளே போட்டால் எழுத்தாக வெளியே வந்து விழுகிறது, இவர்கள் அதைச் சரிபார்ப்பதோடு சரி. புதிதாகச் சேர்ந்தவர்கள் வெஸ்லி விவகாரம் என்று ஏதோ அரைகுறையாகக் கேள்விப்பட்டு அவளைத் துளைக்கிறார்களாம். நீங்களே எழுதிக் கொடுத்துவிடுங்கள் என்றாள். ஓய்வு பெற்ற ஒருத்தியிடம் இப்படிக் கேட்டால் அவள் விடுவாளா? அன்று மத்தியானமே உட்கார்ந்துவிட்டேன்.

பி.ஏ., டைப்பிங், சுருக்கெழுத்து, கல்யாணம் என்ற வரிசையில் இந்த ஊர் ஸ்ரீவராகத்துக்கு வந்தவள் நான். பிள்ளை பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் வேலைக்குச் சேர்ந்தேன். முதலில் அமெரிக்க டாக்டர்கள் பதிவுசெய்து அனுப்பும் நோயாளிக் குறிப்புகள். அவர்கள் சாண்ட்விச் மென்றுகொண்டே சிறுநீரகத்தைப் பற்றிப் பேசுவார்கள். மெல்லும் சத்தத்துக்கு நடுவே சிறுநீரகத்தைப் பொறுக்கி எடுக்கப் பழகியதுதான் என் பயிற்சி முழுவதும். பிறகு கம்பெனிக்கு ரேடியோ, டிவி வேலைகள் வந்தன. என்னை அந்தப் பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கேதான் மேலதிகாரியாகக் கிரேஸ் மேடம் இருந்தார்.

கிரேஸ் மேடம் பாறசாலைப் பக்கத்துத் தமிழ்க் குடும்பம். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போவார். தேர்தல் தவறாமல் இடதுசாரிகளுக்கு ஓட்டுப் போடுவார். ஊர்வலம் என்றால் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. யாருக்காவது ஒரு சொல் பிடிபடவில்லை என்றால் பின்னால் வந்து நின்று கையை நீட்டுவார். ஹெட்ஃபோனைக் கழற்றிக் கொடுக்க வேண்டும். அவர் மூக்குக் கண்ணாடியை எடுத்து மேஜையில் வைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். கண்ணாடியைக் கழற்றினால்தான் மேடத்துக்குக் காது கேட்கும் என்று ஷைலஜா சொல்வாள். கேட்டு முடித்ததும் சொல்லைச் சொல்வார், பிடிபடாவிட்டால் இல்லை என்று தலையாட்டுவார். தலையாட்டினால் அந்த இடத்தில் 'தெளிவில்லை' என்று போட்டுவிட்டு மேலே போக வேண்டும். இதுவாகத்தான் இருக்கும் என்று நாமாக நிரப்புவது அவரிடம் நடக்காது.

"காதுல விழுந்தத எழுது. மனசுல விழுந்தத எழுதாண்டாம், கேட்டியா?" என்பார்.

எங்கள் பிரிவுக்கு வந்த வாடிக்கையாளர்களில் பெரியவர் வெஸ்லி. சின்ன ஊரில் இருந்துகொண்டு காலை நேர ரேடியோ நிகழ்ச்சி நடத்துபவர். சுற்றுவட்டாரத்துச் சின்ன நிலையங்கள் பலவும் அதை எடுத்து ஒலிபரப்பும். தன் நிகழ்ச்சியை நாங்கள் எழுத்தாக்கித் தர வேண்டும் என்பது முதல் வேலை. இரண்டாவது வேலை இன்னும் சுவாரஸ்யம். பெருநகரத்து டிவி சேனல் ஒன்றின் செய்திகளையும் எழுத்தாக்கித் தர வேண்டும். தன்னைப் போன்றவர்களைப் பற்றி அந்தச் சேனல் என்ன சொல்கிறது, என்ன சொல்லாமல் விடுகிறது என்று பார்ப்பதற்காக.

அவர் பழமையில் பிடிப்புள்ளவர். அதை மறைக்கவும் மாட்டார். பெரிய சேனல்காரர்களுக்கு, சாப்பிடும் முன் பிரார்த்தனை செய்கிற ஒரு ஆளைக்கூட நேரில் தெரியாது என்பார். ஒருமுறை நிருபர் ஒருவர் அவர் ஊருக்கு வந்தாராம். டாக்டரைத் தாண்டி, டீச்சரைத் தாண்டி, பாதிரியாரைத் தாண்டிப் போய், மதுக்கடை வாசலில் பல்லில்லாமல் நின்றிருந்த ஒரே ஒரு ஆளிடம் மைக்கை நீட்டினாராம். அன்று ராத்திரி அமெரிக்கா முழுவதும் எங்கள் ஊர் என்றால் அந்த வாய்தான் என்று சொல்லிவிட்டுச் சிரிப்பார். சிரிப்பு நடுவில் விசிலாக மாறிவிடும். அதை எப்படி எழுதுவது என்று எங்களுக்குள் பெரிய விவாதமே நடந்தது. கடைசியில் 'சிரிப்பு' என்று மட்டும் போடுவதாக முடிவானது.

நேற்றுவரை சரியாக இருந்த சொல் இன்று எப்படித் தப்பாயிற்று, யார் தீர்மானித்தார்கள், எங்களை ஏன் கேட்கவில்லை என்பார். கடைக்காரப் பெண் கிறிஸ்துமஸ் வாழ்த்துச் சொல்லத் தயங்குகிறாள் என்பார். சினிமாவில் வரும் அப்பாக்கள் எல்லோரும் ஏன் முட்டாள்கள் என்று கேட்பார். நான் வீட்டுக்கு வந்து இதையெல்லாம் சொல்வேன். என் கணவர் ஆடிப்போய்விட்டார்.

"ஏண்டி, இது நான் தினம் பேப்பரைப் பாத்துண்டு சொல்றதுன்னா? அவனுக்கு யார் சொன்னா?" என்றார். அன்றிலிருந்து அவருக்கு வெஸ்லி சொந்தக்காரர் மாதிரி. இன்னிக்கு என்ன சொன்னான் என்று சாப்பிடும்போது கேட்பார்.

எல்லாம் ஒரேயடியாகப் புரிந்துவிடவில்லை. வெஸ்லி அடிக்கடி 'ஃப்ளைஓவர் கன்ட்ரி' என்பார். அந்தச் சமயம் இங்கே மேம்பாலம் கட்டுவது பற்றிப் பெரிய சர்ச்சை நடந்துகொண்டிருந்தது. ஷைலஜா அதற்கு நிலத்தைக் கொடுக்க மறுத்தவர்களின் கட்சி. மேம்பாலத்தை எதிர்க்க அமெரிக்காவிலும் ஒரு நல்ல மனுஷன் இருக்கிறானே என்று அவளுக்கு ஒரே பூரிப்பு. வாரக்கணக்கில் அப்படியே நம்பினோம். மேடம்தான் ஒருநாள் போகிற போக்கில் சொன்னார்: பெருநகரத்துக்காரர்கள் விமானத்தில் தலைக்கு மேலே பறந்து தாண்டிப் போகிற ஊர்கள், இறங்கிப் பார்க்காத ஊர்கள் என்று அர்த்தம். ஷைலஜாவுக்கு மனசே விட்டுப் போயிற்று.

மேடத்துக்கு வெஸ்லியின் பேச்சு அனேகமாக ஒன்றுமே ஒத்துப்போகாது. தொழிற்சங்கத்தை அவர் கிண்டல் செய்தால் மேடத்தின் உதடு மெல்லியதாகிவிடும். ஆனால் அவர் வேதத்திலிருந்து ஒரு வசனத்தை எடுத்துவிட்டால் மேடம் புத்தகம் பார்க்காமல் அதிகாரமும் வசனமும் சொல்லிவிடுவார். வசனம் சரியாயிட்டுத்தான் சொல்றாரு, அர்த்தம்தான் தலகீழா எடுக்காரு என்பார்.

இப்போது விவகாரத்துக்கு வருகிறேன்.

வெஸ்லியின் ஊரில் கோழி இறைச்சித் தொழிற்சாலை ஒன்று திறந்தார்கள். வேலைக்கு வெளிநாட்டுக் குடும்பங்கள் வந்து சேர்ந்தன. அவர் நிகழ்ச்சியில் அதைப் பற்றிப் பேசினார். சில நாட்கள் கழித்து, நாங்கள் எழுத்தாக்கி வந்த அதே டிவி சேனல் அந்தப் பேச்சிலிருந்து ஒரு துண்டைப் போட்டது. வெஸ்லியின் குரல்தான். 'இந்த ஜனங்கள் நம் ஊருக்கு வேண்டாம்.' அவ்வளவுதான், முன்னும் இல்லை பின்னும் இல்லை.

தீப்பிடித்த மாதிரி ஆயிற்று. அவருக்கு விளம்பரம் கொடுத்துவந்த டிராக்டர் கடைக்காரர் விலகிக்கொண்டார். நிகழ்ச்சியை எடுத்து ஒலிபரப்பிய நிலையங்கள் யோசிக்க ஆரம்பித்தன. வெஸ்லியிடமிருந்து மெயில் வந்தது. அது தன் கருத்தே அல்ல, ஒருத்தன் தன்னிடம் சொன்னதைச் சொல்லி, அதற்குத் தான் கொடுத்த பதிலையும் சொன்னதாக எழுதி, முழுப் பேச்சையும் எழுத்தாக்கி, உண்மைப் பிரதி என்று கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள் என்று கேட்டிருந்தார். கையெழுத்துப் போட வேண்டியவர் கிரேஸ் மேடம்.

அவர் நிகழ்ச்சி போனால் எங்கள் பிரிவின் வேலையில் பெரும்பகுதி போகும். அது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

ஒலிப்பதிவை என்னிடம் கொடுத்தார்கள். பின்பகுதி பளிச்சென்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் என் பக்கத்தில் உட்காருவது அவர்கள்தான், நம் பிள்ளைகள் காலி செய்துவிட்டுப் போன பெஞ்சில் உட்கார்ந்து நம் பாட்டைப் பாடுகிறார்கள் என்கிறார் வெஸ்லி. அதை வெட்டிவிட்டுத்தான் சேனல் போட்டிருந்தது. ஆனால் முன்பகுதியில்தான் சங்கடம். 'இந்த ஜனங்கள்' என்று ஆரம்பிப்பதற்குச் சற்று முன்னால், விளம்பரம் முடிந்து வரும் இசையின் வால் ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்குள் வெஸ்லி இருமுகிறார். இருமலோடு சேர்த்து மூன்று நாலு சொல்லை விழுங்குகிறார். 'ஃபெல்லா டோல்ட் மீ' என்றால் ஒருத்தன் என்னிடம் சொன்னான். 'வெல் ஐ'ல் டெல் யா' என்றால் நான் சொல்கிறேன் கேளுங்கள். முதலாவதாக இருந்தால் வெஸ்லி பிழைத்தார். மற்றதாக இருந்தால், வேண்டாம் என்றும் சொல்லி வேண்டும் என்றும் பேசிய குழப்பக்காரர் ஆகிவிடுவார்.

பெடலை மிதித்து மிதித்துக் கேட்டேன். வேகத்தைக் குறைத்துக் கேட்டேன். ஒருமுறை ஃபெல்லா என்று விழும், அடுத்த முறை வெல் என்று விழும். ஷைலஜாவைக் கேட்கச் சொன்னேன். அவள் இரும ஆரம்பித்துவிட்டாள்.

மேடம் வந்து கையை நீட்டினார். கண்ணாடியைக் கழற்றினார், கேட்டார், திரும்பக் கேட்டார். தலையாட்டினார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "மேடம், பின்னால என்ன சொல்றார்னு பாருங்கோ. அப்படிப் பேசறவர் முன்னால இப்படிச் சொல்வாரா? ஃபெல்லாதான் அது" என்றேன்.

"அவரு அப்படிப்பட்டவரில்லன்னு எனக்கும் தெரியும். நமக்குத் தெரிஞ்சதுனால சத்தம் தெளிஞ்சிருமா? அந்த டிவிக்காரனும் தனக்குத் தெரிஞ்ச வெஸ்லியத்தானே வெட்டி எடுத்தான்?" என்றார் மேடம்.

'தெளிவில்லை' என்று போட்டால் அந்தப் பிரதியால் வெஸ்லிக்குக் காலணா பிரயோஜனம் இல்லை. போடாவிட்டால் மேடம் கையெழுத்துப் போடமாட்டார். மத்தியானம் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. மேடம் மட்டும் மரச்சீனிக் கிழங்கும் மீனும் நிதானமாகச் சாப்பிட்டார். அவர் சாப்பிட்டு முடித்துக் கை கழுவிக்கொண்டிருக்கும்போது எனக்குச் சட்டென்று ஞாபகம் வந்தது. சனிக்கிழமைகளில் வெஸ்லி அந்த வாரத்துப் பேச்சுகளில் நல்லதைத் தொகுத்து மறுபடி போடுவார். அந்தத் தொகுப்பில் பின்னணி இசை இருக்காது; மைக்கில் பதிவானதை மட்டும் நேராக எடுப்பார்கள். கோழித் தொழிற்சாலைப் பேச்சும் அதில் வந்திருக்குமோ?

ஓடிப்போய்க் கம்ப்யூட்டரில் தேடினேன். இருந்தது. இருமல் அப்படியே இருந்தது. இசை இல்லை. இருமலுக்கு அடியில், தண்ணீருக்குள் கிடக்கும் கூழாங்கல் மாதிரி, ஃபெல்லா டோல்ட் மீ.

நான் ஒன்றும் சொல்லாமல் ஹெட்ஃபோனை மேடத்திடம் நீட்டினேன். சொன்னால் அதுவே காதில் விழும் என்று பயம். மேடம் கண்ணாடியைக் கழற்றினார். கேட்டார். கண்ணைத் திறக்காமலே மூன்று சொல்லையும் சொன்னார். ஷைலஜா என்னைக் கட்டிக்கொண்டாள். கீழே லாட்ஜ்காரர் என்ன சத்தம் என்று மேலே ஏறி வந்துவிட்டார். அவருக்கும் டீ வாங்கிக் கொடுத்தோம்.

ஆனால் அந்த வேலையில் இன்னொரு பாதி இருந்தது. வெஸ்லி அந்த மெயிலிலேயே இன்னொன்றும் கேட்டிருந்தார். சில வாரங்களுக்கு முன் அவர் மாவட்டத்தில் வெள்ளம் வந்து பாலம் உடைந்தது. அந்தச் சேனல் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று அவர் ரேடியோவில் பலமுறை சொல்லியிருந்தார். அதை நிரூபிக்க அந்த வாரத்துச் செய்திகள் முழுவதன் பிரதியும் வேண்டும் என்றிருந்தார். ஷைலஜா எடுத்துப் பார்த்துவிட்டு வெளுத்த முகத்தோடு வந்தாள். சேனல் சொல்லியிருந்தது. ஒரு வார்த்தை அல்ல, நீளமாகவே. ஒரு பெண் நிருபர் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு, மாடுகளை இழந்த விவசாயி ஒருவரிடம் அவசரப்படாமல் பேசியிருக்கிறார். அந்த விவசாயி நடுவில் பேச முடியாமல் நின்றபோது கேள்வி கேட்காமல் காத்திருக்கிறார்.

இதை இப்போதே அனுப்ப வேண்டுமா என்று கேட்டேன். மனுஷன் ஏற்கெனவே நொந்து கிடக்கிறார், முதலில் நல்ல செய்தி போகட்டுமே, இது அப்புறம் போகட்டுமே என்றேன்.

"ரெண்டும் கேட்டாரு. ரெண்டும் ஒரே மெயில்ல போட்டும்" என்றார் மேடம். இரண்டிலும் கையெழுத்துப் போட்டார்.

பதில் வரவில்லை. வெள்ளி போயிற்று, சனி போயிற்று. என் கணவர், சொந்தக்காரர் கோபித்துக்கொண்ட மாதிரி வளைய வந்தார். ஞாயிற்றுக்கிழமை பத்மநாபசுவாமி கோயிலுக்குப் போனபோது, இந்த விஷயத்தை எப்படிச் சொல்லிப் பிரார்த்திப்பது என்று தெரியாமல் பிரசாதத்தை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

அடுத்த நிகழ்ச்சியின் ஒலிப்பதிவு வழக்கம்போல எனக்கு வந்தது. பெடலில் கால் வைக்கவே கூச்சமாக இருந்தது. வெஸ்லி முதலில் தன் பேச்சின் பிரதியைப் படித்தார், இருமல் உட்பட. ரேடியோவில் இருமிக் காட்டினார். இந்தப் பிரதியை அனுப்பியதும் சேனல் தவறுக்கு வருத்தம் தெரிவித்துவிட்டதாகவும், தூங்காத பசுமாடுகள் மட்டும் பார்க்கிற நேரத்தில் அதைச் சொன்னதாகவும் சொன்னார். விசில் சிரிப்பு வந்தது. பிறகு காகிதம் திருப்பும் சத்தம் கேட்டது. வெள்ளச் செய்தியைப் படிக்க ஆரம்பித்தார். நிருபர் கேட்டதையும் விவசாயி சொன்னதையும் தானே மாறி மாறிப் படித்தார். முடித்துவிட்டு, அந்தப் பெண் என் ஊர்த் தண்ணீரில் நின்றிருக்கிறாள், நான் அவளைப் பார்க்கவில்லை, பார்க்காமலே இல்லை என்று சொன்னேன், மன்னிக்க வேண்டும் என்றார். அந்தச் சேனல் ஒரு பக்கமாகச் சாய்கிறது என்பதில் எனக்கு இன்னும் சந்தேகம் இல்லை, ஆனால் அந்த நாளில் அது நேராக நின்றது என்றும் சொன்னார்.

நான் அழுதுகொண்டே டைப் செய்தேன். கீபோர்டு நனைந்துவிடப் போகிறது என்று ஷைலஜா துடைத்துக்கொண்டே இருந்தாள். டிராக்டர் கடைக்காரர் திரும்பி வந்தார். ஒரு நிலையம்கூடக் கைவிடவில்லை.

நிகழ்ச்சியின் கடைசியில் வெஸ்லி ஒன்று சொல்லியிருந்தார். இதை எழுதியவர்கள் என் வாயில் நுழையாத ஒரு ஊரில் இருக்கிறார்கள், அவர்களைப் பேச அழைக்கப் போகிறேன் என்று. திருவனந்தபுரத்தை அவர் சொல்ல முயன்ற இடத்தில் நான் 'தெளிவில்லை' என்றே போட்டேன். மேடம் தலையாட்டினார்.

அவருக்குக் காலை, எங்களுக்குச் சாயங்காலம். மேடத்தின் அறையில் போனை ஸ்பீக்கரில் போட்டு, பிரிவு மொத்தமும் நெருக்கியடித்து நின்றோம். நான் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போயிருந்தேன், ரேடியோவுக்கு. வெஸ்லி முதலில் மேடத்திடம் என் கருத்துகள் உங்களுக்குப் பிடிக்குமா என்று கேட்டார். உங்களை எங்கள் வார்டு மெம்பராகக்கூடத் தேர்ந்தெடுக்க மாட்டேன் என்று மேடம் நல்ல இங்கிலீஷில் சொன்னார். விசில் அடங்க நேரமாயிற்று. என்னிடம் கேட்டார். பாதி பிடிக்கும் என்றேன். எந்தப் பாதி என்றார். உங்கள் ஊரைப் பற்றி நீங்கள் சொல்வதெல்லாம் நம்புகிறேன், நீங்கள் போகாத ஊர்களைப் பற்றிச் சொல்வதை நம்புவதில்லை என்றேன். எங்கிருந்து அந்தத் தைரியம் வந்தது என்று தெரியவில்லை. அது நியாயம் என்றார் அவர்.

பிறகு கேட்டார், உங்கள் ஊர்ப் பத்திரிகைகளாவது உள்ளதை எழுதுகின்றனவா என்று.

எழுதுகின்றன, எங்கள் வீட்டுப் பத்திரிகை எழுதும் என்று சொல்லிவிட்டேன். எந்தப் பத்திரிகை என்று மேடம் கேட்டார். முந்தைய நாள்தான் ஒரு பெரிய ஊர்வலம் நடந்திருந்தது. மேடத்தின் பத்திரிகை மக்கள் வெள்ளம் என்று போட்டிருந்தது. எங்கள் வீட்டுக்கு வருகிற பத்திரிகை தம்பானூரில் போக்குவரத்து நெரிசல் என்று போட்டிருந்தது. இரண்டிலும் ஏறக்குறைய ஒரே போட்டோ.

"நெரிசல்தான் மேடம் அது. பழவங்காடியில ஆட்டோல நான்னா மாட்டிண்டு உக்காந்திருந்தேன்" என்றேன்.

"ஆட்டோக்குள்ள இருந்தா எப்படித் தெரியும்? ரோட்டுல நடந்தது நானாக்கும். அது மக்க கூட்டம் பிள்ளே."

"அந்தக் கூட்டம்தான் மேடம் எனக்கு நெரிசல்."

"ஆட்டோல இருந்த ஒனக்கும் சேத்துத்தான் நாங்க நடந்தோம்."

ஷைலஜா மலையாளத்தில் குறுக்கே புகுந்து, இரண்டு பத்திரிகையும் பொய், தன் வீட்டில் வாங்குவதுதான் உண்மை என்றாள். அதற்கு மேடமும் நானும் ஒரே கட்சியாகி அவளை ஒரு வழி பண்ணினோம். தமிழும் மலையாளமும் கலந்து, கையை ஆட்டி, மேஜையைத் தட்டி, போன் என்று ஒன்று இருப்பதே மறந்துபோயிற்று. வெஸ்லி ஒரு வார்த்தை குறுக்கிடவில்லை. விளம்பரத்துக்குக்கூட நிறுத்தாமல் அத்தனையையும் அப்படியே ஒலிபரப்பிவிட்டார்.

மறுநாள் அவரிடமிருந்து மெயில். நிகழ்ச்சிக்கு எப்போதும் வராத அளவு போன்கள் வந்தனவாம். ஒரு சொல்கூடப் புரியாவிட்டாலும் எதைப் பற்றிய சண்டை என்று எல்லோருக்கும் நன்றாகப் புரிந்துவிட்டதாம். பல வருஷமாகத் தன் தங்கையோடு சமையலறையில் இதே சண்டை போடுகிற ஒரு அம்மாள் மட்டும், கடைசியில் யார் ஜெயித்தது என்று தெரிந்தே ஆக வேண்டும் என்கிறாராம். கேட்டுச் சொல்லும்படி வெஸ்லி எழுதியிருந்தார்.

பதில் எழுத மேடமும் நானும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தோம். முதல் வாக்கியத்தில் கூட்டம் என்று போடுவதா நெரிசல் என்று போடுவதா என்று ஆரம்பித்தது. மேடமும் ஓய்வு பெற்றாயிற்று, நானும் பெற்றாயிற்று. அந்த மெயில் இன்னும் போகவில்லை.